களத்துப் பாசை

1957 மாசி. கிளிநொச்சிக்குத் தெற்கே, இரணைமடு வாய்க்காலோரக் குடியேற்றக் காணி ஒன்றில் மயில்வாகனம் தன் முதல் விளைச்சலைச் சூடு மிதித்தார்; குவித்த நெற்கதிரை மாடுகள் மிதித்து நெல்லைப் பிரித்தன. களம் நடத்தியவர் கூலிக்கு வந்த இளையதம்பி. மயில்வாகனத்தின் மனைவி சிவனேஸ்வரி வரம்பில் நின்றார்.

இளையதம்பி: சொல்லாதேங்கோ அண்ணை! களத்துக்கை நிண்டு அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ!

மயில்வாகனம்: எந்தச் சொல்லை? மாட்டைச் சாய்ச்சு ஓட்டு எண்டுதானே...

இளையதம்பி: பாத்தியளே, திருப்பியும்! இஞ்சை அது வாரிக்காலன்.

மயில்வாகனம்: சரி, வாரிக்காலன். அது மிதிக்கிற நெல்லு?

இளையதம்பி: ஐயோ... பொலி எண்டு சொல்லுங்கோ. பூதங்கள் சுத்திவர நிண்டு கேட்டுக்கொண்டிருக்குங்கள். எங்கடை கதை விளங்கிச்சுதெண்டா எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிடுங்கள்.

மயில்வாகனம்: பூதத்துக்கு விளங்கக்கூடாது, சரி. எனக்கும் விளங்கேல்லையே தம்பி! இது தமிழ்தானே?

இளையதம்பி: தமிழ்தான். களத்துத் தமிழ்.

சிவனேஸ்வரி: இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது. முடிஞ்சுதோ?

இளையதம்பி: அக்கா! முடிஞ்சுது எண்டு சொல்லப்படாது. பெருகிச்சுது. உள்ளுக்கும் வராதேங்கோ, பொம்பிளையள் களத்துக்கை கால் வைக்கப்படாது.

சிவனேஸ்வரி: நான் வரம்பிலைதானே நிக்கிறன். வரம்புக்கு என்ன பாசை?

இளையதம்பி: வரம்பிலை... ஊர்ப்பாசை கதைக்கலாம்.

மயில்வாகனம்: இவவுக்கு ஊர்ப்பாசை, எனக்குக் களத்துப் பாசை. அரசாங்கக் கந்தோருக்குப் போனா இங்கிலீசு. இனிச் சிங்களமும் படிக்கட்டாம். நான் எதைத் தம்பி படிக்கிறது? இந்தக் கயிறுக்கு என்ன பேர்?

இளையதம்பி: கயிறு... கயிறு, கயிறுதான்.

மயில்வாகனம்: ஏன், பூதத்துக்குக் கயிறு வேண்டாமோ?

இளையதம்பி: பகிடி விடாதேங்கோ. எங்கடை வன்னி ஊர் ஒட்டுசுட்டானிலை அப்புவின்ரை களத்திலை ஒருத்தன் மாறிக் கதைச்சு...

மயில்வாகனம்: கதைச்சு?

இளையதம்பி: அதை இஞ்சை நிண்டு சொல்லக்கூடாது.

சிவனேஸ்வரி: ரெண்டு பேரும் கதையை விட்டிட்டுக் கிழக்கை பாருங்கோ. கறுத்துக்கொண்டு வருது.

மயில்வாகனம்: மாசியிலை மழையோ!

இளையதம்பி: அண்ணை!

மயில்வாகனம்: மழைக்கும் வேறை சொல்லோ? இந்தச் சூடு நனைஞ்சுதெண்டா நான் காணியை விட்டிட்டு மாமன்ரை வீட்டிலை போய்க் கிடக்கவேணும். எப்ப வருவன் எண்டு அவரும் பாத்துக்கொண்டிருக்கிறார்.

சிவனேஸ்வரி: அப்பாவை ஏன் இழுக்கிறியள்? பக்கத்துக் காணிக் கலந்தர் நானாவிட்டைப் படங்கு இருக்கு, மூடலாம். கூப்பிடுங்கோ!

மயில்வாகனம்: கலந்தர் நானா! ம... தம்பி, கெதியாச் சொல்லும், என்ன எண்டு கத்துறது?

இளையதம்பி: அது... வானத்தாலை... பொறுங்கோ...

மயில்வாகனம்: நானா! வானத்தாலை வருது! வானத்தாலை!

சிவனேஸ்வரி: என்ன வருது எண்டு கேக்கிறார். ஏறோப்பிளேனோ எண்டு.

மயில்வாகனம்: எனக்கும் தெரியாது எண்டு சொல்லும்! தம்பி...

இளையதம்பி: வாயுக்கை நிக்குது அண்ணை, வெளியிலை வருகுதில்லை...

சிவனேஸ்வரி: துளி விழுந்திட்டுது! நானா! மழை! மழை! படங்கைக் கொண்டு ஓடி வாங்கோ!

மயில்வாகனம்: தம்பி, படங்கின்ரை அந்தத் தலைப்பைப் பிடியும்... இழும்... இன்னும் இழும்... விடாதையும்!

சிவனேஸ்வரி: ...மழை விட்டிட்டுது. எவ்வளவு தப்பிச்சுது?

மயில்வாகனம்: படங்குக்குக் கீழை கிடந்தது. அரைவாசி. மற்றது ஊறிப்போச்சு.

சிவனேஸ்வரி: அரைவாசி எங்கடை சாப்பாட்டுக்குக் காணும். அடுத்த விதைப்பு வரைக்கும் இஞ்சையே இருப்பம்.

மயில்வாகனம்: தம்பி, களம் நனைஞ்சு போச்சு, இனிப் பூதமும் வராது. இப்பவெண்டாலும் சொல்லும். உங்கடை ஒட்டுசுட்டானிலை மழைக்கு என்ன சொல்லுறது?

இளையதம்பி: தெரியாது அண்ணை. நான் யாழ்ப்பாணத்துக் கைதடி. வன்னியான் எண்டாத்தானே களத்துக்குக் கூப்பிடுறியள்... ஒட்டுசுட்டானை ஒருக்கா பஸ்ஸிலை போகேக்கை பாத்தனான்.