பத்து அஞ்சு ஒரு தடவைதான்

தென்காசி பஸ் ஸ்டாண்டில், குற்றாலம் போகும் பத்து பத்து மணி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். டைம் கீப்பர் அறையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஸ்டூலில் ஏறி நின்றார். சுவர்க்கடிகாரத்தில் மணி பத்து எட்டு.

"ரேடியோ மணிக்கு ஆறு நிமிசம் முந்தி ஓடுது, அண்ணாச்சி."

"அப்பம் முள்ளைப் பின்னால தள்ளும்," என்றார் டைம் கீப்பர்.

"தள்ளப்பிடாது. பத்து அஞ்சு வண்டி இப்பந்தான் போச்சு. முள்ளைத் திருப்பினா பத்து அஞ்சு மறுபடியும் வரும். அதுக்கு எந்த வண்டியை விடுவீய?"

எங்கள் டிரைவர் தலையை நீட்டினார். "என் வண்டியை விடுங்க!"

"பாத்தீயளா?" பழுதுபார்ப்பவர் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார். "ஆறு நிமிசம் இது சும்மா நிக்கட்டும். நேரம் தானா வந்து சேந்துரும். அதுவரைக்கும் ஒரு வண்டியும் எடுக்கப்பிடாது."

தூக்குச்சட்டியோடு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "பத்து பத்து போயிட்டா? ஒரு வாரமா நான் வாரதுக்குள்ள எடுத்துருதாவ. வேலைக்குப் பிந்திப் போயி ஏச்சு வாங்குதேன்."

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

"நிதானமா ஏறு தாயி. தென்காசியில இன்னும் பத்து எட்டே முடியல."