எமிலியாவுக்கு ஒரு செமினறி

...இல்லை, நீரே சொல்லும் எமிலியா! பள்ளிக்கூடத்தில இருக்கிற பெட்டையள் எல்லாரையும் ஒரு மினிவானுக்குள்ள ஏத்தலாம். அதுக்கு அட்மிஷன் கேட்டுப் போனா, மேற்றிராணியார் கேக்காத கேள்வியெல்லாம் கேக்கினம்! நான் என்ன, மெடிக்கல் பக்கல்ரிக்கோ சீற் கேட்டனான்? உம்மைச் சேர்க்கத்தானே கேட்டனான்.

ஏன் உப்பிடிப் பாக்கிறீர்? குளிருதோ? இந்தாரும், என்ர ஜக்கெற்றைப் போடும். கலியாணம் கட்டின கையோட விட்டிட்டு வந்தவன், இவ்வளவு காலத்துக்குப் பிறகு பிளேனால வந்து இறங்கின பெண்சாதியோட கதைக்கிற முதல் கதை உதோ எண்டு நினைக்கிறீர். நினையும், நினையும். ஆனா இந்த ரெயின் நாங்கள் இறங்கிற இஷொய்க்குப் போறதுக்கு முன்னம் நான் உதைச் சொல்லி முடிக்காட்டித் துலைஞ்சன். அங்க ஸ்ரேசனில காரோட நிக்கப்போறது அந்தச் செமினறி நடத்துற றூத் அம்மா. நல்லகாலம் நீர் ஞாயிற்றுக்கிழமை வந்தீர். சனிக்கிழமை எண்டா அவ காரைத் தொடவே மாட்டா. யூத மனிசி, அண்டைக்கு அவையளுக்கு ஓய்வுநாள்.

ஓம், யூதச் செமினறி. சிரியாதையும்! பெட்டையள் பள்ளிக்கூடம் முடிச்சுப்போட்டு ஒரு வருசம் வேதம் படிக்கிற இடம். ஏன் போனனோ? உம்மட விசாப் பைல் இஞ்ச குடிவரவுக் கந்தோரில பாய் விரிச்சுப் படுத்திட்டுது. உம்மடது மட்டுமே, எல்லாத் தமிழ்ச் சனத்தின்ர பெண்சாதி பிள்ளையளின்ர பைலும்தான். எப்ப கேட்டாலும் "பாக்கிறம்". உமக்கு அங்க குருநகரில செல்லடி, குண்டு, எனக்கு இஞ்ச நித்திரையில்லை. அப்பதான் என்ர அறையில இருக்கிற சண்முகலிங்கம் சொன்னான், "பஸ்தியாம்பிள்ளை அண்ணை, பெண்சாதியெண்டு கூப்பிடாதேங்கோ, படிக்க வாற பிள்ளையெண்டு கூப்பிடுங்கோ. சின்னப் பள்ளிக்கூடமாப் பாருங்கோ. சீற் காலியாக் கிடக்கும், காசும் குறைய." பெரிய அறிவாளி! ஒவ்வொரு நாளும் பிழையான பஸ்ஸில ஏறுறவன்.

போனன். கோட்டு அவன்ர, ரை அவன்ர, பயம் மட்டும் என்ர. எங்கட கொன்வென்ரில அட்மிஷனுக்கு என்ன கேப்பினம்? ஞானஸ்நானப் பத்திரம். பங்குச்சுவாமியின்ர கடிதம். ரெண்டையும் பிளாஸ்ரிக் உறைக்குள்ள போட்டு, யூதச் செமினறி மேசையில வடிவா வைச்சன். றூத் அம்மா கண்ணாடியைப் போட்டா, கழட்டினா, திரும்பப் போட்டா. "இந்தப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவவோ?" எண்டு கேட்டா. நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு, "பிறந்த கிழமையே!" எண்டன்.

பேந்து செலவுக் கதை. ஐயோ, அதை ஏன் கேக்கிறீர்! படிப்புக்கு ஒரு காசு, கட்டிலுக்கு ஒரு காசு, சாப்பாட்டுக்கு ஒரு காசு, பெருநாள் கொண்டாட அதுக்கும் ஒரு காசு. "அவ கொஞ்சமாத்தான் சாப்பிடுவா, அதில குறைக்கேலாதோ?" எண்டன். கோவியாதையும்! "பிள்ளையின்ர தாய் யூதரோ?" எண்டா. "இல்லை, குருநகர்" எண்டன். "மாதாவும் சூசையப்பரும் உங்கட ஆக்கள்தானே, அந்த முறையில பாத்தா நாங்கள் தூரத்துச் சொந்தம்" எண்டும் சொன்னன். மனிசி தலையை மேசையில கவிட்டிட்டா. அழுகிறா எண்டு நான் பயந்து போனன். பாத்தா, சிரிக்கிறா!

சேர்க்கேலாதாம். ஆனா சும்மா அனுப்பேல்லை. என்னைச் சேர்த்திட்டா, குசினியில கோப்பை கழுவ! அதுவும் லேசெண்டு நினைக்காதையும். பால் கோப்பைக்கு ஒரு தொட்டி, இறைச்சிக் கோப்பைக்கு ஒரு தொட்டி. பாலும் இறைச்சியும் கலக்கக்கூடாதாம் அவையின்ர வேதத்தில, மாறிப் போட்டா பெட்டையள் எல்லாம் ஒரே கத்தல். உமக்கு அட்மிஷன் கேட்டுப் போய், நான் படிக்கிறன் அங்க!

சரி சரி, விசயத்துக்கு வாறன். அது என்னெண்டா... கலியாணம் கட்டாத பிள்ளையளைத்தான் அங்க எடுக்கிறது. அதால நான்... உம்மை... என்ர தங்கச்சி எண்டு சொல்லிப்போட்டன்.

பாக்காதையும் எமிலியா, சனம் பாக்குது! இண்டுவரைக்கும் அவவுக்கு நீர் தங்கச்சிதான். ஒவ்வொரு நாளும் கேப்பா, "தங்கச்சியின்ர அலுவல் என்ன மாதிரி?" எண்டு. கந்தோர்க்காரர் வேணுமெண்டு பைலுகளை அமத்தி வைச்ச கதை பேப்பருகளில நாறி, படுத்த பைலெல்லாம் எழும்பி நடந்து, உமக்கு விசா வந்த அண்டைக்கு என்னைக் கட்டிப்பிடிச்சவ. "வரட்டும், நல்ல மாப்பிள்ளையாப் பாப்பம்" எண்டா! நான் தொட்டிக்குள்ள குனிஞ்சு, கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினன்.

இன்னொண்டு இருக்கு. அட்மிஷனுக்குப் படம் கேட்டவை. என்னட்டை இருந்தது ஒரே ஒரு படம்... ஓம். கலியாணப் படம். கத்தரிக்கோல் எடுத்தன். என்னைத்தான் வெட்டினன், உம்மட சீலையில ஒரு நூல்கூடப் படேல்லை, சத்தியமா! என்ர பாதி மணிபேசுக்குள்ள காசோட காசாக் கிடக்கு. உம்மட பாதி அவவின்ர மேசை லாச்சிக்குள்ள.

கதையுமன். உம்மட குரலைக் கேக்காமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பேசும், அடியும், என்னவெண்டாலும் செய்யும்.

ஐயோ, இஷொய் வந்திட்டுது! பையைத் தாரும், பாத்து இறங்கும். அந்தா, பச்சைத் தொப்பியோட நிக்கிறா. எமிலியா, கெஞ்சிக் கேக்கிறன், காருக்குள்ள இருக்கும் மட்டும் தங்கச்சியா இரும்... எங்க ஓடுறீர்? நில்லும்! ஐயோ மாதாவே, தாலிக்கொடியை வெளியில எடுத்துக் காட்டுறாளே!

றூத் அம்மா, நான் சொல்லுறன், அது வந்து... என்ன? தெரியுமோ? முதல் நாளே தெரியுமோ?

எமிலியா, மனிசி சொல்லுறதைக் கேளும். படத்தில நீர் தலையில முக்காடும் கையில பூச்செண்டுமா நிக்கிறீராம். உம்மட தோளில மணிக்கூடு கட்டின ஒரு ஆம்பிளைக் கை கிடக்காம். நான் படத்தை நீட்டேக்கை அதே மணிக்கூடு என்ர கையில இருந்ததாம்! அப்ப, மாப்பிள்ளை பாப்பம் எண்டது? பகிடியோ! இவ்வளவு நாளும் பகிடி பண்ணினவவோ!

பாரும், உம்மட பாதியைக் கொண்டந்து தந்திட்டா. இப்ப ஏன் எனக்குக் கையை நீட்டுறீர்? மற்றப் பாதியோ? இஞ்சயோ, ஸ்ரேசனில ஆக்கள் இருக்கிற இந்த வாங்கில வைச்சோ? பொறும், பொறும்... மணிபேசு எந்தப் பொக்கற்றுக்குள்ள... இந்தாரும்.

வையும். கை பொருந்துதோ பாரும்.