விஸ்கி டூருக்குத் தனியாவா, கூட்டமாவா?

ஒட்டுக்கேட்பதற்காகத் தூங்குவதுபோல் நடித்து, நிஜமாகவே தூங்கிவிடும் முட்டாள் நான். அன்று உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் என்னை எழுப்பியது, முன்சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னது:

"லண்டன்ல பொண்ணு வூட்டுக்குப் போனா, மாப்ள விஸ்கி ருசி பாக்குற டூருக்கு இட்டுக்கினு போறாராம். நாம மட்டும் தனியாவா, இன்னும் ஆறு பேரோட சேந்தான்னு கேக்குறாரு."

"நீதான் குடிய வுட்டுட்டியே. வேணாம்னு சொல்லு."

"இன்னாத்துக்குன்னு கேட்டா? நான் ரோட்டுல வுழுந்து கெடந்ததெல்லாம் அவருக்குத் தெரியாதே."

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப கூட்டத்தோடயே போலாம். தனியா போனா ஊத்துறவன் உன் மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பான். கூட்டத்துல கிளாச பக்கத்து ஆளுகிட்ட தள்ளிடலாம்."

"கை நடுங்குமேடி."

"நான் புடிச்சிக்கிறேன்."

"அவ்ளோ தூரம் போயி ருசி பாக்காம வர்றதா?" என்று என் வாய் கேட்டுத் தொலைத்தது.

அந்தம்மா திரும்பினார்.

"அவரு பாத்த ருசி போதுங்க."