நொண்டிக் கிடாவில் ஒரு ரவுண்டு

மாலை நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். நவம்பர் மாதம், வியாழக்கிழமை. யார்க்ஷயர் மேட்டுப் புல்வெளியின் மேல் ஒரு சாலை... அந்த நேரத்தில் ஆடுகூட அங்கே நிற்காது. மூடுபனி. பத்தடிக்கு அப்பால் இருக்கிற கல்வேலி தெரியவில்லை. அந்தச் சாலையில் எழுபது வயது மனிதன் ஒருவன் தனியாக நடந்து வருகிறான்.

நெருங்கி உட்காருங்கள். கணப்பில் கரி இருக்கிறவரைக்கும்தான் சொல்வேன். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது என் சிநேகிதன் டிரெவருடைய தங்கை புருஷனுக்கு நடந்தது. பெயர் லென். முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவன். பொய் சொல்லக்கூடிய ஆளில்லை. பொய்க்குக் கற்பனை வேண்டுமே, அது அவனிடம் கிடையாது.

லென்னுக்கும் டிரெவருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. மாதம் ஒரு வியாழக்கிழமை, கிழவர்களுக்குக் கொடுக்கிற இலவசப் பஸ் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். இதுவரை கால் வைக்காத பப்பாகத் தேடிப் போவார்கள். ஒவ்வொன்றிலும் அரைக் கிளாஸாவது குடிக்க வேண்டும், குடித்தால்தான் நோட்டில் பெயர் ஏறும். வாசலைப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதுவது பாவம். இப்படி ஆயிரத்து எண்ணூறு பப்புகள். பிறகு டிரெவருக்கு முட்டி போயிற்று. அடுத்த வருடம் லென்னின் மனைவி எனிட்டுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

இரண்டு வருடம். தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி, இரவில் மூன்று தடவை எழுந்து... லென் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மாதத்தில் அந்த ஒரு வியாழக்கிழமை மட்டும் டிரெவரின் மனைவி மேவிஸ் வந்து எனிட்டுடன் இருப்பாள், லென் நோட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புவான்.

"ஆறு மணி. ஆறு அடிச்சா நான் கிளம்பிருவேன் லென். அப்புறம் அவ தனியாத்தான் கிடப்பா, சொல்லிட்டேன்."

"அஞ்சே முக்காலுக்கே வந்து நிப்பேன் தாயி."

அன்றைய நாளே விடிந்த விதம் சரியில்லை. முதல் பப்புக்குப் போனால் ஜன்னலில் பலகை அடித்திருந்தது, குடியிருப்பாக மாற்றப் போகிறார்களாம். இரண்டாவதில் கதவைத் திறந்ததும் உள்ளே பேச்சு நின்றது. ஏழு தலைகள் திரும்பின. தெரியாத ஊர் பப்பில் அது சகஜம்தான், லென் கண்டுகொள்ளவில்லை. அரைக் கிளாஸை வாங்கிக்கொண்டு மூலை நாற்காலியில் உட்காரப் போனான்.

"அது ஆல்ஃபோட இடம்" என்றார் ஒருவர்.

"ஆல்ஃப் எங்க?"

"செத்துட்டான்."

லென் நின்றபடியே குடித்து முடித்தான். மூன்றாவது பப்பில் யாருமே இல்லை, தொலைக்காட்சி மட்டும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. வெளியே வந்தால் பஸ் ரத்து. அடுத்த பஸ் மேட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் நடை. கால் வலி, முதுகு வலி. நடந்தான்.

அப்போதுதான் பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம். பலகையில் முன்னங்கால் மடங்கிய ஒரு கிடாவின் படம். 'நொண்டிக் கிடா.'

லென் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. யோசித்துப் பாருங்கள்... ஆயிரத்து எண்ணூறு பப் பார்த்தவன், தன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கும் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். இவனுக்குச் சந்தோஷம் வந்தது. நோட்டில் எழுதலாமே!

கதவைத் திறந்தான். உள்ளே பேச்சு நிற்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனை எதிர்பார்த்திருந்த மாதிரி இருந்தது.

நனைந்த கம்பளி வாடை. கரிப் புகை. மண்ணெண்ணெய் இல்லை, வேறு ஏதோ பழைய எண்ணெய் எரிகிற வாடை. கணப்புக்குப் பக்கத்தில் வட்ட மேஜை, மூன்று ஆண்கள். ஒருவர் தட்டைத் தொப்பி, ஒருவர் கழுத்துக்குட்டை, மூன்றாமவர் பொக்கை வாய். டாமினோ காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டக்... டக்... பின்னால் ஆணியில் மூன்று கோட்டுகள், நீர் சொட்டிக்கொண்டிருந்தன. நாலாவதாக ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"என்ன ராசா, நல்லா நனைஞ்சுட்டியா?" பப்புக்காரி கேட்டாள். பருத்த பெண்மணி, சட்டையை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தாள். "உக்காரு. உக்காரு கண்ணு."

"இது யாரோட இடமாவது...?"

"உன்னோடதுதான்."

உட்கார்ந்தான். தட்டைத் தொப்பி விரலை உயர்த்தினார். "இவருக்கும் சேத்து ஊத்தும்மா."

இங்கேதான் லென் தவறு செய்தான். வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். முன்பின் தெரியாதவன் வாங்கித் தருவதை ஒரு தடவை தொட்டுவிட்டால் அந்த மேஜையின் ரவுண்டுக்குள் நீ வந்துவிட்டாய். எல்லாரும் உனக்கு வாங்குவார்கள், உன் முறை வரும்போது நீ எல்லாருக்கும் வாங்க வேண்டும். வாங்காமல் எழுந்து போக முடியாது. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடியவனைக்கூடப் போனால் போகிறதென்று விட்டுவிடுவார்கள். தன் ரவுண்டு வாங்காமல் நழுவியவனை மட்டும் அவன் பேரன் காலம்வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

லென்னுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் கால் வலித்தது. பியர் வந்தது. கறுப்பு, மேலே கெட்டி நுரை. வாயில் வைத்தான்... அப்படி ஒரு பியரை வாழ்நாளில் குடித்ததில்லை என்றான் டிரெவரிடம்.

கழுத்துக்குட்டை வாங்கினார். பொக்கை வாய் வாங்கினார். லென் எழப் போனான்.

"நீ உக்காரு" என்றாள் பப்புக்காரி. "உன் முறை இன்னும் வரலை."

மறுபடியும் தொப்பி வாங்கினார். மறுபடியும் குட்டை. டக்... டக்... யாரும் அதிகம் பேசவில்லை, யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. மருந்து வேளை இல்லை, மணியடித்துக் கூப்பிடுகிற கை இல்லை. லென் டிரெவரிடம் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டானாம். "மச்சான், ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் நான் யாருக்கும் தேவைப்படல. அங்கேயே இருந்துரலாமான்னு தோணுச்சு. எனிட் முகம்கூட ஞாபகத்துக்கு வரல மச்சான்."

பிறகு எதேச்சையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு மணிக்குப் பத்து நிமிடம். டிக், டிக் என்று ஓடும் சத்தம் கேட்கிறது. முள் மட்டும் நகரவில்லை.

கோட்டுகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. கீழே தரையில் ஈரமே இல்லை.

"உங்களுக்கெல்லாம் எந்த பஸ்ஸு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நாப்பத்தொண்ணு" என்றார் பொக்கை வாய், காயைப் பார்த்தபடியே. "வந்துரும். ஒரு ரவுண்டு முடிக்க நேரமிருக்கு."

நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸை எண்பத்தாறாம் வருடமே நிறுத்திவிட்டார்கள். லென்னுக்கு எப்படித் தெரியும்? கடைசி வண்டியை ஓட்டியவனே அவன்தான்.

லென் எழுந்தான். நாற்காலி கீச்சிட்டது. டாமினோச் சத்தம் நின்றது. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கோபம் இல்லை. களைப்பு மட்டும்தான்... காலம் காலமாகத் தூங்காத கண்கள்.

"நான் கிளம்பணும். வீட்டுல உடம்பு சரியில்லாதவ இருக்கா."

"உன் முறை பாக்கி இருக்கே ராசா" என்றாள் பப்புக்காரி.

"இப்பவே வாங்கிடறேன். எல்லாருக்கும் ஊத்து."

"முறை வராம வாங்க முடியாது. போறதுன்னா போ. உன் இடத்துல யாராவது இருக்கணும். யாரை உக்கார வைக்கிறே?"

பயத்தில் மனிதன் புதிதாக எதையும் யோசிப்பதில்லை, பழக்கப்பட்ட வாய் பழக்கப்பட்டதைச் சொல்லும். நாற்பது வருடமாகப் பப்பில் தன் முறைக்குக் காசு எடுக்கச் சொல்லும்போதெல்லாம் லென் சொல்லிவந்த வேடிக்கை ஒன்று உண்டு. கல்யாணமான குடிகாரர்கள் எல்லாரும் சொல்வதுதான். அதைச் சொன்னான்.

"என் வீட்டுக்காரியை வச்சுக்க. எனக்குப் படியளக்கிறவளே அவதான்."

யாரும் சிரிக்கவில்லை.

"பேரு?"

"எனிட்."

மூன்று பேரும் கிளாஸை உயர்த்தினார்கள். "எனிட்டுக்கு" என்றார்கள், ஒரே குரலில். காயைப் பார்க்கக் குனிந்துகொண்டார்கள். டக்... டக்...

லென் வெளியே வந்து ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. மேட்டின் மறுபக்கம் பஸ் கிடைத்தது. சொன்னபடியே ஐந்தே முக்காலுக்கு வீட்டு வாசலில் நின்றான்.

மேவிஸ் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "லென், லென்! இன்னைக்கு எனிட் வலது கையைத் தூக்கினா! நான் கண்ணால பாத்தேன். சாயங்காலம்... ஒரு நாலு மணி இருக்கும்."

எனிட் சக்கர நாற்காலியில் இருந்தாள். முகத்தில் சிரிப்பு. இரண்டு வருடமாகப் பார்க்காத சிரிப்பு. லென் குனிந்து முத்தமிட்டான். அவள் தலைமுடியில் கரிப் புகை வாடை அடித்தது.

அன்றிலிருந்து தினமும். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த வலது கை மெல்ல எழும். எதையோ சுற்றிப் பிடித்த மாதிரி விரல்கள் வளையும். உதட்டுக்குப் போகும். தொண்டை அசையும். பிறகு நாற்காலியின் கைப்பிடியில் வந்து இறங்கும். டாக்டர் அதிசயம் என்றார், பயிற்சியைத் தொடரச் சொன்னார். மேவிஸ் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

கை இறங்கிய இடத்தில் ஒரு வட்டமான ஈரத் தடம் இருக்கும். கிளாஸின் அடி அளவு. அதை லென் மட்டும்தான் பார்த்தான். துணியை எடுத்துத் துடைப்பான். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? பெண்டாட்டிக்குக் குணமாகி வருகிறது என்று ஊரே சந்தோஷப்படுகிறது.

மேட்டுக்கு மூன்று தடவை போய்த் தேடினான். தன்னை எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிடச் சொல்லத்தான் போனான். காற்றும் கல்வேலியும்தான் இருந்தன. கத்திப் பார்த்தான். ஓர் ஆடு திரும்பிப் பார்த்தது.

பிப்ரவரி. வியாழக்கிழமை. வெளியே பனி கொட்டுகிறது. லென் எனிட்டுக்கு எதிரே தன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். முந்தின இரவு முழுக்கத் தூக்கமில்லை, கண் செருகிக்கொண்டு வந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிடம்...

எனிட் எழுந்து நின்றாள்.

இரண்டு வருடம் மூன்று மாதம் கால் ஊன்றாதவள். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள். லென் பதறி எழப் போனான்.

"நீ உக்காரு லென்." அவள் பழைய குரல். திக்கவில்லை, குழறவில்லை. "இப்ப என் முறை."

லென் உட்கார்ந்தான். ஓடிப் போய்த் தாங்கியிருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும். ஆனால் அவள் உட்காரச் சொன்னதும் உடம்பில் ஏதோ அவிழ்ந்துவிட்டதாம். இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டில் வேறு யாரோ எழுந்து போகிறார்கள். அவன் உட்கார்ந்திருக்கலாம்.

அவள் சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ததும்பாமல் கொண்டுவருகிறவர்கள் நடக்கிற நடை. ஒன்றைத் தன் கைப்பிடியில் வைத்தாள். இன்னொன்றை அவனுடைய நாற்காலிக் கைப்பிடியில் வைத்தாள். உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு அந்த வலது கை எழவே இல்லை.

மறுநாள் காலை டிரெவர் தடியை ஊன்றிக்கொண்டு போனான். எனிட் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள், மூச்சு சீராக இருந்தது. லென் சமையலறையில் உட்கார்ந்து, இப்போது நான் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொன்னான். நிதானமாகச் சொன்னான். களைப்பெல்லாம் போய், நன்றாகத் தூங்கி எழுந்தவன் முகமாக இருந்தது என்றான் டிரெவர்.

 அந்த வீட்டில் பியர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, அது டிரெவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டான்.

"மச்சான்... அவ வச்சதை நீ தொடலையே?"

லென் ஜன்னலுக்கு வெளியே, பஸ் வருகிறதா என்று பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புறங்கையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டான்.

கையில் நுரை இருந்தது.