நடுவாற்றில் என் இடம்

கஞ்சி நன்றாக இருந்தது, சாமி. ஹங்கேரி முழுக்கப் பட்டினி கிடக்கும்போது, கைதிக்குத் தினைக் கஞ்சி கொடுப்பார்கள் என்று நினைக்கவில்லை. அரசர் கேட்டுவரச் சொன்னாராமே. சொல்கிறேன்.

டான்யூபின் கிழக்குக் கரை மங்கோலியர் கையில் இருந்தது. மேற்குக் கரையில் நாங்கள். இரவில் ஆறு உறையும். குதிரையோடு அவர்கள் நடந்து வந்துவிடாமலிருக்க, விடிந்ததும் இறங்கிப் பனிப்பாளத்தைக் கோடாலியால் உடைப்போம். காம்பால் தட்டினால் போதும், எங்கே தாங்கும் எங்கே விரியும் என்று சொல்லிவிடுவேன். அதனால் நடு ஆறு எனக்கு. அங்கே வெட்டினால்தான் பாளம் முழுதும் பிளக்கும்.

என் தங்கை சீனெஷ் அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் செத்துப்போய், கைக்குழந்தையோடு நாணலுக்குள் ஒளிந்திருப்பதாகத் தப்பி வந்த மீனவன் சொன்னான். ஊர்த்தலைவன் போஷாவின் காலில் விழுந்தேன்.

"அழாத, ஆக்லெந்து. நாளைக்குக் காலைல வெட்ட மாட்டோம். வரச் சொல்லு அவள."

முக்காட்டை அவிழ்த்து ஆட்டி நான்தான் கூப்பிட்டேன். பாதி ஆறு வந்தபோது அவளுக்குப் பின்னால் குதிரைகள் தெரிந்தன. போஷா வெட்டச் சொன்னான். பாளம் பிளந்தது. அவளும் போனாள், குழந்தையும் போனது.

அன்று மாலை போஷாவின் மனைவி எனக்கு ரொட்டி அனுப்பினாள். ஊருக்காகத்தானே என்றார்கள் எல்லோரும். நான் ரொட்டியைத் தின்றேன்.

பிறகு மங்கோலியர் கண்ணில் படவில்லை. அக்கரையில் மாடுகள் மட்டும் கேட்பாரற்று நின்றன. நாங்கள் சேணத்தோலை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தோம். ஒருநாள் வெட்டாமல் விட்டு மாடுகளை ஓட்டிவரலாம் என்றான் போஷா. வேவு பார்க்க என்னை அனுப்பினான். நாணலுக்கு மேலே வெள்ளையாக ஆவி எழும்பியது. அவ்வளவு குதிரைகளின் மூச்சு. பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

"என்னடி, ஆள் நடமாட்டம் உண்டா?"

"ஈ காக்கா இல்ல, தலைவரே."

"பொய் சொன்னே, அடுத்து உன் தோல்தான் சட்டில வேகும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாடுகளை ஒவ்வொன்றாக ஓட்டச் சொன்னார்கள். நான் மொத்தமாக, நெருக்கியடித்து, நடு ஆற்று வழியாக ஓட்டிவந்தேன். பனி எவ்வளவு தாங்கும் என்று நாணலுக்குள் இருந்தவர்கள் பார்க்க வேண்டுமே. மெதுவாகத்தான் ஓட்டினேன்.

ஊரில் கறி வெந்துகொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள். கவிழ்த்துவைத்த படகுக்கு அடியில் நான் படுத்துக்கொண்டேன். கோயிலுக்குள் ஓடியவர்களைக் கதவைச் சாத்திக் கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உள்ளேதான் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, சாமி. நம்பவைத்து வெட்டினால் எப்படியிருக்கும் என்று போஷாவுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

சீனெஷ் வந்த காலையில் நடு ஆற்றில் நின்றது யார் என்று கேட்கிறீர்கள். அது என் இடம் என்று சொன்னேனே. கோடாலி ஓங்கியதைப் பார்த்து அவள் நின்றாள். "அக்கா, நான்தான்" என்றாள், தெரியாத ஆளிடம் சொல்வதுபோல.

வெட்டச் சொன்னது போஷா, சாமி. எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையது கை மட்டும்தான்.