தேங்காய்ச் சிரட்டையும் பதித்த காரும்

பிள்ளையார் காரியத்தில் சிரித்துவிட்டேனே என்ற பயத்தில் பல வருடமாக இதை எழுதத் தயங்கினேன். நெல்லியடி பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு இளைஞனும், கையில் கிறீஸ் கறையோடு ஒரு கராஜ்காரரும் இருந்தார்கள்.

"அண்ணை, பிள்ளையாருக்குத் தேங்காய் அடிச்சும் என்ரை காரின்ரை அச்சிலை சத்தம் வருது. நாளைக்கு மாப்பிள்ளையா அந்தக் காரிலைதான் போகோணும்."

"எங்கை அடிச்சனி?"

"காரை உயரம் குறைச்சுப் பதிச்ச அண்டைக்கு, காருக்கு முன்னாலை."

"சிரட்டையைப் பொறுக்கினனியோ?"

"இல்லை. அதுக்கு மேலாலை காரை ஓடினனான்."

"நிலத்தோடை முட்டுற கார்! சிரட்டை அச்சை மூடின ரப்பரைக் கிழிச்சு, கிறீஸ் எல்லாம் ஒழுகிப்போச்சு, அதுதான் சத்தம். தன்னைக் கும்பிடாமல் வெளிக்கிட்ட சிவபெருமான்ரை தேரச்சையே முறிச்ச பிள்ளையார், உன்ரை அச்சை விடுவாரோ?"

"இப்ப என்ன செய்ய, அண்ணை?"

"புது அச்சுப் போட்டு, காரையும் உயர்த்தித் தாறன். இந்தமுறை தேங்காய் வேண்டாம், தோப்புக்கரணம் போடு. கார் குனிஞ்சது காணும், இனி நீ குனி."

இதைச் சொல்பவர்கள் மாற்றாமல் சொல்லுங்கள். தேங்காய் உடைத்தது பிழையல்ல. சிரட்டையைப் பொறுக்காததுதான் பிழை.