காய்க்காத செடி

கதீனாச் செடி வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. கடற்கரை மணலும் கொஞ்சம் ஈரமும் பொறுமையும் போதும். முள் குத்தும்; குத்தட்டும். ஆரஞ்சு நிறத்தில் கொத்துக்கொத்தாகப் புளிப்புப் பழம் தொங்கும்போது எல்லாம் மறந்துவிடும். சூலினாத் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிற என் தோப்பு முழுவதும் நான் குச்சி ஊன்றி வளர்த்தது. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு என் அடுப்பு எரிந்ததே அதனால்தான்.

கதீனாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் காய்க்காது. ஆனால் அதன் மகரந்தம் காற்றில் வராவிட்டால் பெண்ணும் காய்க்காது. என் தோப்புக்கு ஆண் ஒன்றே ஒன்று. அது கால்வாய்க் கரையில், என் கொழுந்தன் லாரியோன் வீட்டு வேலியோரம் நின்றது.

அதைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

"என்ன அண்ணி, இந்தத் தண்டத்த எதுக்கு வச்சிருக்கீங்க? என் வெந்நீர் அடுப்புக்காவது ஆகும்ல?"

"நீயுந்தான் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்லாம நிக்கிற. உன்ன வெட்டிட்டேனா?"

சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

குளிர்காலக் கடைசியில், நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து வெட்டிவிட்டான். திரும்பி வந்தபோது, அடிமரத்தைச் சறுக்குவண்டியில் ஏற்றி, மணலில் வண்டி சறுக்காது என்று உறைந்த கால்வாய் மேல் இழுத்துக்கொண்டிருந்தான். கிளைகள் கரையில் கிடந்தன. மொட்டுகளில் இன்னும் உயிர் இருந்தது. ஆனால் அந்தக் காற்றுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். குச்சிகளாக நறுக்கி, படகுக் கழியால் மணலில் குழி போட்டு ஊன்ற ஆரம்பித்தேன். மணல் இளகியிருந்தது. பனிக்கட்டியும் இளகித்தான் இருந்தது. அதை அவனிடம் நான் சொல்லவில்லை; அவனுக்கும் கண் இருக்கிறதே.

அவன் காலடியில் பனிக்கட்டி உடைந்தது.

"அண்ணி, கழி! கழிய நீட்டுங்க!"

நியாயமாகத்தான் கேட்டான். எட்டுகிற தூரம்தான். ஆனால் கழியை அவனிடம் நீட்டிவிட்டால் நான் குழியை எதனால் போடுவது?

"இரு, வர்றேன்" என்றேன்.

பயத்தில் திகைத்து நின்றுவிட்டாள் என்று என் வாக்குமூலத்தில் எழுதப் பார்க்கிறீர்கள். வேண்டாம், ஐயா. எனக்குப் பயமும் இல்லை, இப்போது வருத்தமும் இல்லை. இரண்டு தடவை கூப்பிட்டான், அப்புறம் கூப்பிடவில்லை. நான் கடைசிக் குச்சி வரைக்கும் ஊன்றி, மணலை மிதித்து இறுக்கிவிட்டுத்தான் போனேன். ஆனால் நடந்து போகவில்லை. அவனைக் காப்பாற்ற ஓடித்தான் போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.